பாரம் எந்த அசையில்?

எங்கள் மடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் உண்டு. குருவுக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் கன்னியாஸ்திரிகள். பாடம், இத்தாலிய மொழி.

சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தவள்தான்.

மடம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆறேழு சிஸ்டர்கள், ஒரு பசு, கொஞ்சம் கோழிகள். சமையல் என் பொறுப்பு. பாடம் நடப்பது சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தில். அதனால் வேண்டாமென்றாலும் எல்லாம் என் காதில் விழும். வேண்டாமென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சீடர் பெயர் பிரகாசி. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்தவர். யாப்பு என்றால் உயிர். பஸ் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைக்கூட நேர், நிரை என்று அசை பிரிக்காமல் ஏற மாட்டார். குரு பெயர் டெல்பின். கடற்கரைப் பெண். இத்தாலியில் எங்கள் சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசுவார்.

பாடம் நடக்கும்போது மட்டும் பிரகாசி சிஸ்டர் அவரை "நீங்க" என்பார். புத்தகத்தை மூடியதும், "ஏம்மா டெல்பின், மாட்டுக்குத் தண்ணி வச்சியா?" என்று மாறிவிடும்.

இந்த வயதில் எதற்கு இத்தாலியம் என்று கேட்பீர்கள். காரணம் செராபினம்மா.

அவர் இத்தாலியிலிருந்து இங்கே வந்து எங்கள் விடுதியை நடத்தியவர். தாயில்லாப் பிள்ளையாக வந்து சேர்ந்த பிரகாசியை மடியில் போட்டு வளர்த்தவர். தமிழில்தான் திட்டுவார், தமிழில்தான் கொஞ்சுவார். தள்ளாத காலத்தில் சொந்த நாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே போனதும் கண் போனது. அப்புறம் ஞாபகம் போனது. ஞாபகத்தோடு தமிழும் போய்விட்டது. மிச்சம் இருப்பது தாய்மொழி ஒன்றுதான்.

ஞாயிறு மதியம் நம் ஆள் யாராவது போன் போட்டால், அங்கே பார்த்துக்கொள்ளும் மலையாளச் சிஸ்டர் போனை அவர் காதருகே பிடிப்பார். பிரகாசி சிஸ்டருக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். அம்மா, என்னை ஞாபகம் இருக்கா?

"அந்த மலையாளச் சிஸ்டர்கிட்டச் சொல்லுங்க, கேட்டுச் சொல்லிட்டுப் போறாங்க" என்றேன் நான்.

"என் கேள்வியை நான்தான் கேக்கணும், அமலி" என்றார்.

டெல்பின் அந்தக் கேள்வியை இத்தாலியத்தில் சொல்லிக் கொடுத்தார். "மாத்ரே, சி ரிகோர்தா தி மே?" பிரகாசி சிஸ்டர் அதை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தார். ஞாயிறு வந்தது. போன் போட்டோம். கேட்டார்.

அந்தப் பக்கமிருந்து மெலிந்த ஒரு குரல் பதில் சொன்னது. "பிரேகா பெர் நோய்."

எங்களுக்குப் புரியவில்லை. டெல்பின் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு சொல்றாங்க."

மாதா பிரார்த்தனையில் ஒருவர் வரி சொல்லச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்கிற பதில் அது. அங்கேயும் அந்தப் பிரார்த்தனையில் வரிக்கு வரி "மாத்ரே" என்று தாயைக் கூப்பிடுவார்களாம். செராபினம்மா செபம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த மொழியில் நோய் என்றால் நாங்கள். எங்கள் வீட்டில் அது ரொம்பப் பொருத்தம்தான், ஒருத்திக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும் பிடிக்கும்.

மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். அடுத்த ஞாயிறும் அதே. ஒவ்வொரு தடவையும் பிரகாசி சிஸ்டர் முகம் சுருங்கிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த 'மாத்ரே'வை விட்டுட்டுக் கேளுங்களேன்" என்றேன்.

"அம்மாவை அம்மான்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிடறது?"

அன்று சாயங்காலம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டெல்பினிடம் கேட்டார். "நான் எதைத் தப்பாச் சொல்றேன்? மறைக்காமச் சொல்லுங்க."

"எழுத்தெல்லாம் சரி."

"பின்னே?"

"பாரம் இல்ல. அந்த மொழியில ஒவ்வொரு சொல்லுலயும் ஏதோ ஒரு அசை மேல குரலோட பாரம் விழணும்."

"எந்த அசையில?"

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் பாடம்.

பிரகாசி சிஸ்டருக்கு இது ஆனந்தம். புதிதாக ஓர் இலக்கணம் கிடைத்தால் அவருக்குப் பசிக்காது. வினைச்சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அசை பிரித்தார்.

"ரிகோர்தா. எத்தனை துண்டு?" என்று கேட்டார் டெல்பின்.

"ரெண்டு. ரிகோர், குறில்நெடில் ஒற்று, அது நிரை. கடைசியில தா, தனி நெடில், நேர். நிரைநேர் புளிமா."

"அங்க மூணு."

"யாப்புப்படி ரெண்டுதான் வரும்."

டெல்பின் எழுந்தார். சமையலறைக்குள் வந்து ஒரு முருங்கைக்காயையும் கத்தியையும் எடுத்துப் போனார்.

"நறுக்குங்க."

பிரகாசி சிஸ்டர் நறுக்கினார்.

"எந்த அளவுல நறுக்குனீங்க?"

"விரல் நீளம். சாம்பாருக்கு அதுதானே."

டெல்பின் திரும்ப வந்தார். நான் குழம்புக்கு எடுத்து வைத்திருந்த கோழியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனார். நான் தடுப்பதற்குள் அது பிரகாசி சிஸ்டர் முன்னால் இருந்தது.

"இதையும் அதே அளவுல."

பிரகாசி சிஸ்டர் விரல் வைத்து அளந்து வெட்டினார். கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது. இன்னும் ஓங்கி வெட்டினார். எலும்பு சில்லுச் சில்லாகத் தெறித்தது.

"ஐயையே, இது இப்படி வராது. இதுக்கு மூட்டு இருக்கு. மூட்டுப் பார்த்துல்ல வெட்டணும்."

"ரி," என்றார் டெல்பின். "கோர். தா."

பிரகாசி சிஸ்டர் கத்தியைக் கையில் பிடித்தபடி அந்தச் சொல்லை வாய்க்குள் மூன்றாக மடக்கிப் பார்த்தார். "ஆமா," என்றார் மெதுவாக. "வாய் அங்கங்க மூடித் திறக்குது." முகமெல்லாம் சந்தோஷம். அன்றைக்குக் குழம்பில் எலும்புச்சில் கிடந்ததற்கு எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள்.

அடுத்த கேள்வி. "பாரம் விழற இடத்துல அவங்க ஏதாவது குறி போட்டு எழுதுவாங்களா?"

"கடைசி எழுத்துல விழுந்தா போடுவாங்க. மத்தபடி கிடையாது."

"குறி இல்லாம எப்படித் தெரியும்?"

"கடல் சொல்லுங்க."

"கடல்."

"தங்கம்."

"தங்கம்."

"ரெண்டுலயும் ஒரே ககரம்தான். ஒண்ணை வன்மையாச் சொன்னீங்க, ஒண்ணை மென்மையாச் சொன்னீங்க. உங்களுக்கு யாரு குறி போட்டாங்க?"

பிரகாசி சிஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டார். ஆயுசு முழுக்கத் தமிழ் சொல்லிக் கொடுத்த மனுஷி. அன்று இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொரு சொல்லிலும் ககரம் எங்கே எப்படி ஒலிக்கிறது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே ரசத்தை ஆறவிட்டார். கேள்வி கிடைத்துவிட்டால் அவர் அப்படித்தான்.

இன்னொரு நாள் பெரிய சந்தேகத்தோடு வந்தார்.

"நான், நீ, அவர். மூணுக்கும் பாரம் 'கோர்' மேலயே விழுது. ரிகோர்தோ, ரிகோர்தி, ரிகோர்தா. சரி. 'நாங்கள்' வந்ததும் ரிகோர்தியாமோ. பாரம் பின்னால 'தியா'வுக்கு ஓடுது. 'நீங்கள்' வந்தா ரிகோர்தாத்தே. அப்பவும் பின்னாலதான். அப்புறம் 'அவர்கள்'. ரிகோர்தனோ. திரும்பி ஓடி வந்து 'கோர்' மேல உக்காந்துக்குது. எதுக்கு இந்த அலைச்சல்?"

டெல்பின் தாழ்வாரத்தில் கிடந்த சின்ன பெஞ்சைக் காட்டினார். "தூக்குங்க."

பிரகாசி சிஸ்டர் அதை இடுப்போடு அணைத்துத் தூக்கினார்.

"எங்க பிடிச்சிருக்கீங்க?"

"நடுவுல."

"கீழ வைங்க. சிஸ்டர் அமலி, நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாத் தூக்குங்க."

நான் மாவுக் கையோடு போய் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மறுமுனையைப் பிடித்தார்.

"இப்ப எங்க பிடிச்சிருக்கீங்க?"

"ஓரத்துல," என்ற பிரகாசி சிஸ்டர், பெஞ்சை என் காலில் போடாத குறையாகக் கீழே வைத்தார். "அட! நான் மட்டும்னா நடு. நாங்கன்னா ஓரம்!" பிறகு கண்ணைச் சுருக்கினார். "அப்போ 'அவர்கள்'? அவங்களும் பல பேருதானே? அவங்களுக்கு மட்டும் ஏன் பாரம் உள்ள திரும்புது?"

வெளியே சுற்றுச்சுவர் கட்டும் ஆட்கள் ஒரு கம்பியைத் தோளில் வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். டெல்பின் அவர்களைப் பார்த்தார்.

"அவங்க எப்படியோ தூக்கட்டும். நமக்கென்ன?"

"இது ஒரு பதிலா?" என்று கேட்டது நான்தான்.

"இலக்கணத்துல இதுக்கு மேல பதில் எந்த மொழியிலயும் கிடையாது, அமலி" என்றார் பிரகாசி சிஸ்டர். மனுஷிக்கு அவ்வளவு திருப்தி. எனக்குத்தான் தலை சுற்றியது.

இப்படி ஒவ்வொன்றாக எல்லாம் தெரிந்துகொண்டார். எந்த வினையைச் சொன்னாலும் மூட்டுப் பார்த்துப் பிரித்து, பாரம் எங்கே என்று மேசையில் தட்டிக் காட்டுவார். தட்டுவது சரியாக இருக்கும். ஆனால் ஞாயிறு வரும். போனில் கேட்பார். வாயைத் திறந்ததும் பாரம் மாயமாகிவிடும். "மாத்ரே சி ரிகோர்தா தி மே" என்று தண்டவாளம் மாதிரி ஒரே மட்டமாகப் போகும். அங்கிருந்து "பிரேகா பெர் நோய்."

"கை தட்டுது. குரல் தட்ட மாட்டேங்குதே," என்றார் பிரகாசி சிஸ்டர். அழுதுவிடுவார் போலிருந்தது. "எனக்கு ஏன் வரல? சொல்லுங்க. நான் மக்கா?"



மறுநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது டெல்பின் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து காதோடு ஒன்று சொன்னார். இன்றைக்கு மாதா பிரார்த்தனையில் யாரும் பதில் சொல்லக் கூடாது. மடத்துத் தலைவியான மதரிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாரோ, தெரியாது. பிரகாசி சிஸ்டரிடம் மட்டும் சொல்லவில்லை.

கோவிலில் முழங்காலில் இருந்தோம். பிரார்த்தனை சொல்பவர் முதல் வரியைச் சொல்லி நிறுத்தினார்.

"எங்களுக்காக வேண்டிக்..."

ஒரே ஒரு குரல். அது பாதியில் நின்றது. கோவிலில் சத்தமே இல்லை.

நான் வருஷக்கணக்காக அவர் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறேன். அவர் செபம் சொல்லும் குரலைத் தனியாக அன்றைக்குத்தான் கேட்டேன். கரகரவென்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி இருந்தது. பிரகாசி சிஸ்டர் திடுக்கிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு ரொம்பச் சங்கடமாகப் போய்விட்டது.

செபம் முடிந்ததும் டெல்பினைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி காரியத்துல என்னடி விளையாட்டு உனக்கு?"

பாடத்துக்கு வெளியேகூட அவர் யாரையும் "டி" போட்டு நான் கேட்டதில்லை.

டெல்பின் அசையவில்லை. "என்ன கேட்டுச்சு, சிஸ்டர்?"

"என்ன கேக்கும்? என் குரல்தான் கேட்டுது. அசிங்கமா."

"போன்ல யாரு பேசுறாங்க?"

"நான்தான்."

"இந்தக் குரலைப் போன்ல நான் ஒருநாளும் கேட்டதில்ல."

பிரகாசி சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. 

"விடுதியில நாங்க நிறையப் பிள்ளைங்க. செபம் சொன்னா ஒரே குரலாக் கேக்கணும். ஒருத்தி குரல் தனியாத் தெரிஞ்சா அது அகங்காரம். என் குரல் மட்டும் எப்பவும் மேல துருத்திக்கிட்டு நிக்கும். அம்மா என் பின்னால வந்து நிப்பாங்க. தலையில கை வைப்பாங்க. அடக்குன்னு அர்த்தம். அடக்கி அடக்கித்தான் பழகினேன். அப்புறம் மடத்துக்குப் புதுசா வர்ற நவகன்னியருக்கு நானே அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். என் குரல் வெளிய தெரியாதுங்கறதுதான் எனக்குப் பெருமை."

டெல்பின் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க போன்ல இருக்கறது அம்மா. அடக்குன்னு சொன்ன அம்மாகிட்டயே எப்படி நான் குரலை எழுப்பறது? சொல்லுங்க பார்ப்போம்."

டெல்பின் எழுந்து போய்க் கோவில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கொசு வந்துவிடும். 

அந்த வாரம் நடுவிலேயே போன் வந்தது. மலையாளச் சிஸ்டர்தான். செராபினம்மா கஞ்சிகூட இறங்காமல் கிடக்கிறாராம். ஞாயிறுவரை பார்க்க வேண்டாம், பேசுவதானால் இன்றைக்கே பேசிவிடுங்கள் என்றார்.

 போனை ஸ்பீக்கரில் போட்டு முக்காலியில் வைத்தோம். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வாசற்படியில் நின்றேன். பிரகாசி சிஸ்டர் ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். ரி, கோர், தா. 'கோர்' மேல் தட்டினார். டெல்பின் தலையாட்டினார். சரியாகத்தான் இருந்தது.

"பேசுங்க, காதுல வச்சிருக்கேன்" என்றது அந்தப் பக்கம்.

"மாத்ரே சி ரிகோர்தா தி மே."

எல்லாம் போச்சு. அதே மட்டம்.

"பிரேகா பெர் நோய்" என்றது ஒரு மூச்சு. அதைக் குரல் என்றே சொல்ல முடியாது.

பிரகாசி சிஸ்டர் மறுபடி சொன்னார். மறுபடி அதே. மூன்றாவது தடவை இவர் எதுவும் சொல்லாமலே அந்தப் பக்கம் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிரேகா பெர் நோய். பிரேகா பெர் நோய். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"சிஸ்டர், ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. வச்சிடட்டுமா?"

"வைக்காதே!"

நான் கையிலிருந்த கரண்டியை விட்டுவிட்டேன். பிரகாசி சிஸ்டர் எழுந்து நின்றிருந்தார். முக்காலியைப் பார்த்து, எதிர்மலையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அந்தத் தகர டப்பாக் குரலில் கத்தினார்.

"மாத்ரே! சி ரிகோர்தா... தி மே?"

'கோர்' எங்கேயோ போய்விட்டது. குரல் உடைந்து மொத்தப் பாரமும் 'தா'வில் போய் விழுந்தது. வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிறகு மெதுவாக ஒரு சத்தம். "கி பார்லா?"

டெல்பின் பிரகாசி சிஸ்டரின் முழங்கையைப் பிடித்தார். "யாரு பேசுறதுன்னு கேக்குறாங்க."

அது எனக்கே புரிந்த மாதிரி இருந்தது. செபத்தில் யாரும் யாரையும் யாரென்று கேட்பதில்லையே.

பிரகாசி சிஸ்டர் படித்த இத்தாலியம் அத்தனையும் அந்த நிமிஷம் ஓடிவிட்டது. "பிரகாசி," என்றார். "பிரகாசிம்மா. பிரகாசி."

மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. வெகு நேரம் கேட்டது.  சொல்லிவிடு தாயே, சொல்லிவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"நோ," என்றது குரல். "நோன் மி ரிகோர்தோ."

டெல்பின் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த வினையின் ஆறு உருவமும் பிரகாசி சிஸ்டருக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. ஆனால் 'நோ' என்பது எந்த ஊரிலும் 'நோ'தான். இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகையாக வந்தது. பெற்ற பிள்ளை மாதிரி தான் வளர்த்த பிரகாசியை ஞாபகம் இல்லையாம்.

பிரகாசி சிஸ்டர் அழவில்லை. கண் தெரியாதவருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "சரிம்மா," என்றார் தமிழில். "பரவாயில்லம்மா."

"மா பார்லா," என்றது அந்தப் பக்கம். கொஞ்சம் நின்று, மறுபடியும், "பார்லா."

"ஆனா பேசுன்னு சொல்றாங்க," என்றார் டெல்பின். அவர் குரலும் சரியில்லை. "பேசு, பேசுன்னு."

பிரகாசி சிஸ்டர் பேசினார். இத்தாலியம் ரெண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு தமிழில் பேசினார். பசு கன்று போட்டதைச் சொன்னார். விடுதிக்குப் பின்னால் இருந்த கொய்யா மரம் விழுந்துவிட்டதைச் சொன்னார். முட்டிவலியைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கடைசி நாளன்று பிள்ளைகள் அழுததைச் சொன்னார். அடக்கவே இல்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது, ஆனால் நடுநடுவே அந்தப் பக்கமிருந்து "ஸீ... ஸீ..." என்று வந்தது. ஆமாம், ஆமாம். "பிரேகா பெர் நோய்" அதற்குப் பிறகு வரவில்லை.

கடைசியில் மலையாளச் சிஸ்டர், "தூங்கிட்டாங்க, சிஸ்டர்" என்று மெல்லச் சொல்லிப் போனை வைத்தார்.

நான் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. வரட்டும்.

பிரகாசி சிஸ்டர் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம் பார்த்தால் அந்தப் பழைய ஆவல் கண்ணில் வந்து உட்கார்ந்திருந்தது. டெல்பின் பக்கம் திரும்பினார்.

"நான் கவனிக்கலையே. பாரம் எந்த அசையில விழுந்துச்சு? சொல்லுங்க."

"கடைசியில. 'தா'வுல."

"அப்போ தப்பா?"

"தப்புதான். அந்த ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"இவ்வளவு படிச்சும் தப்பாத்தான் சொன்னேனா? பின்னே எப்படி அவங்களுக்கு மட்டும் கேட்டுது?"

"அதான் சொன்னேனே, சிஸ்டர்," என்றார் டெல்பின். "அந்த ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. நீங்க மட்டும்தான் சொல்லுவீங்க."